குளிருக்குத் தப்பி வருவோருக்கு நான்கு கணக்குகள்

(மூத்த குடிமக்களின் வெளிநாட்டு நீண்ட காலத் தங்கல் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குளிர்காலத்தை வெயில் நாட்டில் கழிக்கும் வழக்கம் நமக்குரியது அல்ல. நம் நாட்டில் குளிர்காலமே கிடையாது. ஆனாலும் இந்தத் தலைப்பு நம்மை நேரடியாகத் தொடுகிறது. 1960களிலும் 1970களிலும் தாதியர் பயிற்சிக்காக இங்கிருந்து பிரிட்டனுக்குக் கப்பலிலும் விமானத்திலும் சென்ற பெண்கள் ஏராளம். தோட்டப்புறத்திலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் போனவர்கள். அங்கேயே பணிபுரிந்து, அங்கேயே குடும்பம் கண்டு, இன்று ஓய்வூதியம் வாங்கும் வயதில் இருக்கிறார்கள். நம்மில் பலருக்கு அப்படி ஓர் அக்காளோ சின்னம்மாவோ இருக்கக்கூடும். டிசம்பர் பிறந்தால் அவர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, இந்தக் குளிரு தாங்கலப்பா. ஒரு மூணு மாசம் அங்க வந்து இருந்துட்டுப் போகலாமா?"

"வாங்கக்கா" என்று சொல்வது எளிது. அந்த மூன்று மாதத்தைக் கையைக் கடிக்காமல், உடம்பைக் கெடுக்காமல், உறவும் முறியாமல் நடத்தி முடிப்பது எப்படி? அதைத்தான் இன்று பேசப் போகிறேன். வரப்போகிறவர்களுக்கும், வரவேற்கப் போகிற உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

அவர்கள் வர விரும்புவதில் நியாயம் இருக்கிறது. டிசம்பர் மாதத்தில் லண்டனில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ எட்டு மணி நேரம்தான். மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். நடைபாதையில் பனி உறைந்து வழுக்கும். எழுபது வயதில் ஒரு முறை விழுந்தால் இடுப்பெலும்பு முறிவு, அதன்பின் பல மாதப் படுக்கை. வெளியே போகப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் மூட்டு இறுகும், மனமும் சோரும். இங்கே ஆண்டு முழுதும் பன்னிரண்டு மணி நேரப் பகல். காலையில் கோயில், பசார், மாலையில் பூங்கா என்று தினமும் நடக்கலாம். தைப்பொங்கலும் தைப்பூசமும் அந்த மாதங்களில்தான் வருகின்றன.

இந்த விஷயத்தில் நமக்குப் பாடம் சொல்லித் தந்தவர்கள் ஜப்பானிய முதியவர்கள். கேமரன் மலைக்கும் பினாங்கிற்கும் கோலாலம்பூருக்கும் அவர்கள் பல ஆண்டுகளாக வந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே அண்ணன் தம்பி கிடையாது, அழைத்துப் போக ஆள் கிடையாது. ஆகவே வீடு, மருத்துவமனை, காப்புறுதி, பேருந்து வழி என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு வந்தார்கள். நம்மவர்களுக்கு உறவு இருக்கிறது. அதனாலேயே எதையும் திட்டமிடுவதில்லை, "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நான்கு கணக்குகளைப் புறப்படுமுன் போட்டாக வேண்டும். நாள் கணக்கு, பணக் கணக்கு, உடல் கணக்கு, உறவுக் கணக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாள் கணக்கு

பிரிட்டிஷ் கடப்பிதழ் வைத்திருப்பவர் விசா இல்லாமல் மலேசியாவில் 90 நாள் தங்கலாம். கனடா, ஆஸ்திரேலியா நாட்டவருக்கும் அவ்வாறே. இந்த 90 நாளை மூன்று மாதம் என்று எடுத்துக்கொள்வதுதான் பலரும் வழுக்கும் இடம். நவம்பர் 15ஆம் தேதி வந்து இறங்கினால், இறங்கிய நாளையும் சேர்த்து எண்ண, 90ஆவது நாள் பிப்ரவரி 12. "மூன்று மாதம்தானே" என்று பிப்ரவரி 15க்குப் பயணச்சீட்டு எடுத்திருந்தால் மூன்று நாள் அதிகம். குடிநுழைவுச் சட்டத்தின்படி அது குற்றம். அபராதமும் சிறையும் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமுண்டு, மறுமுறை வருவதற்கும் தடையாகலாம். நாள்காட்டியை எடுத்து விரல்விட்டு எண்ணுங்கள். கடைசி நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே திரும்பும் விமானத்தைப் பதிவு செய்யுங்கள். விமானம் தாமதமானாலும் காய்ச்சல் வந்தாலும் அந்த இடைவெளி கைகொடுக்கும்.

"சிங்கப்பூருக்கு ஒரு நடை போய் வந்தால் இன்னொரு 90 நாள் கிடைக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. அது உரிமை அல்ல. மீண்டும் அனுமதிப்பதும் மறுப்பதும் நுழைவாயிலில் இருக்கும் அதிகாரியின் முடிவு. அதை நம்பி வாடகை ஒப்பந்தம் போடாதீர்கள்.

மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஈப்போவில் பிறந்திருந்தாலும், பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தவர் இங்கே வெளிநாட்டவராகவே நுழைகிறார். மலேசியக் கடப்பிதழையே வைத்துக்கொண்டு பிரிட்டனில் நிரந்தர வசிப்புரிமையோடு இருப்பவர்களுக்கு நாள் கட்டுப்பாடு கிடையாது. உங்கள் அக்காள் இந்த இரண்டில் எந்த வகை என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற கணக்குகளும் அதைப் பொறுத்தே மாறும்.

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். வெளிநாட்டவர் வந்திறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் போலி இணையத்தளங்களில் ஏமாற வேண்டாம்.

"மலேசியா எனது இரண்டாவது இல்லம்" திட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 1996இல் முதியோருக்கான வேறொரு பெயரில் தொடங்கி, 2002இல் இப்பெயர் பெற்ற திட்டம் அது. 2024ஆம் ஆண்டின் விதிகளில் வெள்ளி நிலைக்கே 150,000 அமெரிக்க டாலர் நிரந்தர வைப்புத்தொகை கட்டி, வீடும் வாங்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று மாதம் குளிருக்கு ஒதுங்க வருகிற ஓய்வூதியக்காரருக்கு அது தேவையில்லை.

பணக் கணக்கு

சிக்கனம் என்றவுடன் எல்லாரும் விமானச் சீட்டு விலையைத்தான் பார்க்கிறார்கள். கிறிஸ்துமஸை ஒட்டிப் புறப்பட்டால் விலை ஏறும் என்பது உண்மை. டிசம்பர் முதல் பத்து நாட்களுக்குள் புறப்படுவது நல்லது. டிசம்பர் 10ஆம் தேதி வந்தவருக்கு, லீப் ஆண்டாக இல்லாவிட்டால், மார்ச் 9 வரை இருக்கிறது. குளிர் கடுமையாக இருக்கும் ஜனவரியும் பிப்ரவரியும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் சீட்டு என்பது ஒருமுறைச் செலவு. நம்மை மெல்லக் கரைப்பவை மாதாந்திரச் செலவுகளே.

அங்கே பூட்டிவிட்டு வரும் வீட்டிற்கும் செலவு உண்டு. நகராட்சி வரி ஓடிக்கொண்டிருக்கும். வெப்பமூட்டியை முழுமையாக நிறுத்திவிட்டால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும் அபாயம் இருக்கிறது. ஆகவே குறைந்த அளவில் ஓட விட வேண்டும், அல்லது குழாய்களில் உள்ள நீரை வடித்துவிட வேண்டும். பிரிட்டனில் வீட்டுக் காப்புறுதிகள் பலவும் 30 நாளோ 60 நாளோ ஆளில்லாமல் இருக்கும் வீட்டிற்கு முழுப் பாதுகாப்பு தருவதில்லை. காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குவதும், அண்டை வீட்டாரிடம் ஒரு சாவி கொடுத்து வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்வதும் அவசியம்.

வருமானத்தையும் பாருங்கள். பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் தொடர்ந்து வரும். ஆனால் வருமானம் குறைந்த முதியோருக்கான ஓய்வூதிய உபகாரத் தொகை, வெளிநாட்டில் நான்கு வாரத்துக்கு மேல் தங்கினால் பொதுவாக நின்றுவிடும். வாடகை உதவித் தொகைக்கும் அப்படியே. பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கான உதவித் தொகை 13 வாரம் வரை தொடரும். இந்த உதவிகளை வாங்குபவர்கள் மூன்று மாதம் வரத் திட்டமிட்டால், சீட்டு வாங்குமுன் ஓய்வூதிய அலுவலகத்தில் கேட்டாக வேண்டும். அங்கே இழக்கும் தொகை இங்கே மிச்சமாகும் தொகையைவிடக் கூடுதலாக இருந்துவிட்டால், அந்தப் பயணத்தில் சிக்கனம் எங்கே இருக்கிறது?

அடுத்தது இங்கே தங்கும் இடம். பதிவு பெற்ற தங்கும் விடுதியில் வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். 2017 செப்டம்பரில் நடப்புக்கு வந்த வரி இது. 90 இரவு என்றால் 900 ரிங்கிட். இணையம் வழியாக நாள் வாடகைக்கு அடுக்குமாடி வீடு எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறுகிய கால வாடகையைத் தடை செய்ய அடுக்குமாடி நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் உண்டு என்று 2020இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் கட்டிய பிறகு காவலாளி உள்ளே விடவில்லை என்ற நிலை வேண்டாம். நிர்வாக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாத வாடகைக்கு எடுப்பது மலிவு. ஆனால் வீட்டுக்காரர்கள் வழக்கமாக ஓராண்டு ஒப்பந்தத்தையே விரும்புவார்கள். மூன்று மாதத்திற்குச் சம்மதிக்கும் வீட்டை, இங்கிருக்கும் உறவினர் முன்கூட்டியே தேடி வைக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு மாத வாடகை 1,800 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத வைப்புத்தொகை, மின்சாரம், தண்ணீருக்கு அரை மாத வைப்புத்தொகை, முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்து முதல் நாளிலேயே 6,300 ரிங்கிட் கையில் வேண்டும். அந்த வைப்புத்தொகை திரும்பி வரும்போது நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். அதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர்த் தேர்விலும் சிக்கனம் இருக்கிறது. கோலாலம்பூரைவிட ஈப்போ, தைப்பிங் போன்ற ஊர்களில் வாடகை குறைவு. நவம்பர் முதல் பருவமழையும் வெள்ளமும் தாக்கும் கிழக்குக் கரையை இக்காலத்தில் தவிர்ப்பது நலம். பினாங்கு, கெடா பகுதிகளில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். அதிக வெப்பம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கேமரன் மலையை நினைக்கலாம். ஆனால் அங்கே வளைந்து ஏறும் மலைப்பாதையும், பெரிய மருத்துவமனைக்கான தூரமும் உண்டு.

அட்டையில் பணம் செலுத்தும்போது "பவுண்டிலா, ரிங்கிட்டிலா" என்று இயந்திரம் கேட்டால் ரிங்கிட் என்றே அழுத்துங்கள். பவுண்டு என்று அழுத்தினால் பெரும்பாலும் நாணய மாற்றில் நமக்குத்தான் நட்டம்.

உடல் கணக்கு

பிரிட்டனில் மருத்துவத்திற்குக் காசு கொடுத்துப் பழக்கமில்லாதவர்களுக்கு இது மிக முக்கியம். அந்நாட்டுத் தேசியச் சுகாதாரச் சேவை மலேசியாவில் எந்தச் செலவையும் ஏற்காது. நம் அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம். தனியார் மருத்துவமனை ஒன்றில் இதயச் சிகிச்சைக்கோ இடுப்பெலும்பு அறுவைக்கோ சேர்ந்தால், பல ஆண்டுச் சேமிப்பு ஒரே வாரத்தில் கரைந்துவிடும்.

ஆகவே பயணக் காப்புறுதியைச் செலவுப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள். ஆண்டு முழுவதற்கும் என்று விற்கப்படும் காப்புறுதிகள் பலவற்றில், ஒரு பயணம் 31 நாளுக்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும். அதை நம்பி 90 நாள் வந்தால், இரண்டாவது மாதத்தில் உங்களுக்குப் பாதுகாப்பே கிடையாது. நீண்ட காலத் தங்கலுக்கென்று தனியாக எடுக்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், பழைய இதயச் சிகிச்சை எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சந்தா கூடும்தான். ஆனால் மறைத்த நோயால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் கட்டிய பணமும் வீண். நோயாளியைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் செலவும், இறப்பு நேர்ந்தால் ஆகும் செலவும் அதில் அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். பேசுவதற்குச் சங்கடமான விஷயம்தான். பேசாமல் விட்டால் அந்தச் சுமை இங்கிருக்கும் தம்பி தலையில் விழும்.

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மருந்துகளின் வணிகப் பெயரோடு பொதுப் பெயரையும் எழுதிய கடிதம் வாங்குங்கள். ஒரே மருந்து இங்கே வேறு பெயரில் விற்கப்படலாம். தூக்க மாத்திரை, கடுமையான வலி நிவாரணி போன்றவற்றுக்குச் சட்டக் கட்டுப்பாடு இருப்பதால், எவ்வளவு கொண்டு வரலாம் என்று முன்னதாகவே விசாரியுங்கள். வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள கிளினிக் ஒன்றில் உங்கள் விவரத்தைப் பதிந்து வைப்பது நல்லது.

உடம்புக்கு வெயில் பழக நாள் பிடிக்கும். தண்ணீர் அதிகம் குடியுங்கள். டிங்கிக் கொசு எந்த மாதத்திலும் உண்டு. நம் ஒட்டுக்கடைகளின் ருசியில் மயங்கி, சர்க்கரை அளவை ஏற்றிக்கொண்டு திரும்புவதும் நடக்கிறது. தே தாரிக் ஒன்று போதும், மூன்று வேண்டாம்.

உறவுக் கணக்கு

நேயர்களே, இதுவரை சொன்ன மூன்றையும் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். நான்காவதைச் சொல்லித்தர அலுவலகம் கிடையாது. செலவு என்று பார்த்தால் எல்லாவற்றிலும் மலிவானது தம்பி வீட்டு அறை. ஆனால் அங்கேதான் பல உறவுகள் கசந்திருக்கின்றன.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றார்கள் நம் முன்னோர். மூன்று மாதத்திற்கு என்ன வழி? வந்தவர் முதல் வாரம் விருந்தாளி. மூன்றாம் வாரத்தில் குளிர்சாதனம் இரவு பகலாக ஓடுகிறது, மின்கட்டணம் ஏறுகிறது. வேலைக்குப் போய் வந்து சமைக்கும் தம்பி மனைவிக்கு இன்னொருவருக்குப் பத்தியச் சமையல். "எங்க ஊர்ல இப்படி இல்ல" என்ற பேச்சு வேறு. அவரோ, தாம் இளம் வயதில் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டில் ஒரு டம்ளர் தேநீருக்குத் தயங்க வேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் வருந்துகிறார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் வாய் திறப்பதில்லை.

இதற்கு வழி, வருமுன்பே பேசுவதுதான். எத்தனை வாரம் வீட்டில், எத்தனை வாரம் வெளியே என்று தேதி சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் உறவினர் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு அதே தாமானிலோ அடுத்த தெருவிலோ ஒரு சிறிய வீட்டிற்கு மாறுவது நல்ல ஏற்பாடு. தன் கையில் ஒரு சாவி இருந்தால் மரியாதை குறையாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டிற்குப் போகும்போது இரு தரப்பும் மகிழ்ச்சியோடு இருப்பார்கள். வாடகைக்கு வழியில்லை, முழுக் காலமும் உறவினர் வீட்டில்தான் என்றால், மாதத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை உறையில் போட்டுக் கொடுங்கள். "எதுக்குக்கா இது, நாம என்ன வெளியாளா?" என்பார்கள். மறுத்தாலும் கொடுங்கள். போகும்போது தரும் பரிசு நன்றிக்குரியது. மாதம் தரும் தொகை உரிமைக்குரியது.

வரவேற்கும் நமக்கும் கடமை உண்டு. பவுண்டு ஓய்வூதியம் வாங்குபவர் என்பதால் அவர் பணக்காரர் அல்லர். வந்த மறுநாளே கடன் கேட்பதும், பிள்ளையின் படிப்புச் செலவைப் பேச்சில் நுழைப்பதும் அந்த மனதைக் காயப்படுத்தும். நாம் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டு அவரை நாள் முழுதும் தொலைக்காட்சி முன் உட்கார வைத்தால், லண்டன் அறையில் இருந்த தனிமைக்கும் இதற்கும் வேறுபாடில்லை. கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பாருங்கள். கிராப் வண்டி அழைக்கக் கைப்பேசியில் பழக்கிக் கொடுங்கள். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் யாரை அழைப்பது, யார் கொண்டு போவது, காப்புறுதித் தாள் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

முதல் ஆண்டிலேயே 90 நாளும் வேண்டாம் என்பது என் கருத்து. நான்கு வாரமோ ஆறு வாரமோ வந்து பார்க்கட்டும். ஊர் ஒத்துவருகிறதா, உடம்பு தாங்குகிறதா, செலவு போட்ட கணக்கிற்குள் நிற்கிறதா என்று தெரியும். அடுத்த ஆண்டு அந்த அனுபவத்தோடு முழுக் காலத்திற்கும் வரலாம்.

வாழ்நாளெல்லாம் பிறர் உடம்பைக் கவனித்த கைகள் அவை. முதுமையில் கொஞ்சம் வெயிலும், தமிழில் பேசிக்கொள்ள நாலு பேரும் வேண்டும் என்று கேட்கின்றன. அது பெரிய ஆசையல்ல. திட்டமிட்டால் நடுத்தர ஓய்வூதியத்தில் நிறைவேறக்கூடியதுதான். இந்த ஆண்டு உங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும்போது, "வாங்கக்கா" என்று சொல்லுங்கள். அதோடு, "ஒரு தாளும் பேனாவும் எடுங்க, கணக்குப் போடலாம்" என்றும் சொல்லுங்கள்.